ஏழாம் வினா

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
ஏழாம் வினா இப்படி இருக்கிறது:
விவசாயியின் கிரகிக்கும் ஆற்றல்.
ஒன்று முதல் ஐந்து வரை. பொருத்தமானதை வட்டமிடுக.
தம்பலகாமத்தில் எனக்கு நூற்றுப் பதினேழு பேர்.
கமநல நிலையத்து மின்விசிறி
தாள்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்க்கிறது,
என்னைவிட அக்கறையாக.

போன சிறுபோகத்தில்
நவரூபனுக்கு ஒன்று போட்டவள் நான்தான்.
அழுத்திப் போட்டேன். தாளின் பின்பக்கம் தடித்திருந்தது.

அன்று இலை நிற அட்டையோடு போயிருந்தேன்.
நாலு பச்சை, இளசிலிருந்து கருமை வரைக்கும்.
மூன்றுக்குக் கீழே என்றால் யூரியா,
இல்லையென்றால் மூடை கட்டினபடியே கிடக்கட்டும்.
இதைவிடச் சுலபமாய் எதைச் சொல்ல?
வரம்பில் வரிசையாய் நின்று
இலையை அட்டையில் வைத்து வாசித்தார்கள்.
அவன் முறை வந்தது.
"ரெண்டு" என்றான். பிறகு "நாலு."
பிறகு பக்கத்தில் நின்றவனின் வாயைப் பார்த்தான்.
யாரோ சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை;
சிரிக்காததை எல்லாரும் காணும்படி நின்றேன்.
இப்போது நினைத்தால் அதுதான் கூடப் பிழை.

ஆடியில் கபிலத் தத்தி வந்தது.
தூரடியில் குந்தி உறிஞ்ச
வயல் வட்டம் வட்டமாய் எரிந்தது.
அட்டையைப் பிசகாமல் வாசித்த,
நான் ஐந்து போட்ட ஞானசீலன்
மானிய உரம் வீணாகக் கூடாதென்று
மிச்ச மூடையையும் கொட்டியிருந்தார்.
"தெரியும் மிஸ். மச்சானும் போட்டவன், அதான்" என்றார்.
அதற்கு எந்த இலக்கம்?

நவரூபனின் இரண்டு ஏக்கர் நின்றது.
எப்படி அளந்தாய் என்று கேட்டேன்.
குனிந்து தன் காலைப் பார்த்தான்.
"நடந்துதான் மிஸ். பசிச்ச இலை கீறும்.
யூரியா கூடினது முழங்கால்ல சாஞ்சிடும், நாய்க்குட்டி மாதிரி."
கொஞ்ச நேரம் கழித்து, வாய்க்காலைப் பார்த்தபடி:
"எனக்குப் பச்சையும் மண்ணும் ஒரு நிறம்.
தக்காளியைக் கூட அமத்தித்தான் வாங்குறது.
பெண்சாதிக்கு மட்டும் தெரியும்."

அவனை ஞானியாக்கவும் எனக்கு விருப்பமில்லை.
அதற்கு முந்தின பெரும்போகத்தில்
எரிபந்தத்தை உப்புக் காற்று என்று நினைத்துக்
கால் ஏக்கரை இழந்தவன் அவன்.
புள்ளியின் நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை,
கால் அதைச் சொல்லவில்லை.
அங்கே நான் தேவைப்பட்டேன்.
நான் போகவில்லை. அந்த மாத எரிபொருள் கொடுப்பனவு முடிந்திருந்தது.

இன்று மார்கழி மழை விட்ட இடைவெளியில்
படிவக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனேன்.
செருப்பைக் கழற்றி, சேலையை இழுத்துச் செருகி
அவனுக்குப் பின்னால் வயலில் இறங்கினேன்.
சேறு குளிர்ந்தது. ஓர் அட்டை கடித்தது; நிற அட்டையில்லை, மற்றது.
"இது பசிச்சதா, திண்டதா?" என்று கேட்டான்.
ஐம்பத்திரண்டு வயது, ஒரு டிப்ளோமா, இருபத்தாறு வருடச் சேவை.
என் காலுக்கு எல்லா இலையும் ஒன்றுதான்.
"திண்டது" என்றேன். பிறகு "இல்லை, பசிச்சது."
பிறகு அவன் வாயைப் பார்த்தேன்.

அவன் சிரிக்கவில்லை. நின்று காட்டவும் இல்லை;
என் கையைப் பிடித்து
இலையின் விளிம்பில் வைத்தான். அவ்வளவுதான்.

வரம்பில் ஏறி உட்கார்ந்து
அவனுடைய படிவத்தை உருவினேன்.
கைப்பையில் கிடந்த சின்னக் கத்தரிக்கோலால்
எரிபந்தப் புள்ளியைத் தாளில் வெட்டினேன்.
நடு அகலம், இரண்டு முனையும் கூர்; மூடப்போகும் கண் மாதிரி.
நிறத்தை விடு நவரூபன், உருவத்தைத் தேடு.
விரலால் முனைகளைத் தடவிப் பார்த்தான்.
ஒருமுறை. இன்னொருமுறை.

கொழும்புக்குப் போகும் கட்டில்
நூற்றுப் பதினாறு படிவம் முழுசு.
ஒன்றில் ஏழாம் வினா இருந்த இடத்தில் ஓட்டை.
திருப்பி அனுப்புவார்கள், அனுப்பட்டும்.
வெட்டின துண்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறது,
மூன்று முழுதாகவும்
நாலு பாதியாகவும்.